ஒரே எல்எஸ்ஏ இரண்டாம் முறை வந்தால் ரவுட்டர் என்ன செய்யும்? ஓஎஸ்பிஎஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்து பாதை கண்டுபிடிக்கும் நெறிமுறை. ஒவ்வொரு ரவுட்டரும் தன் லிங்குகளின் நிலையை எழுதி அனுப்பும் அறிவிப்புதான் எல்எஸ்ஏ. அதை ஒருவரிடமிருந்து ஒருவராக எல்லோருக்கும் பரப்புவது ஃப்ளடிங். ஓஎஸ்பிஎஃப் படிப்பவர்கள் பக்கத்து ரவுட்டரைக் கண்டறியும் ஹலோ பாக்கெட்டையும், டிஆர் (ஒரு ஈதர்நெட்டில் ஃப்ளடிங்கைக் கவனிக்கும் ரவுட்டர்) தேர்தலையும், நெட்வொர்க்கைப் பிரிக்கும் ஏரியா வகைகளையும் நன்றாகப் படித்துவிடுகிறார்கள். ஃப்ளடிங் வந்ததும் "ரவுட்டர் தனக்கு வந்ததை மற்றவர்களுக்கு அனுப்பும்" என்ற ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள். வந்ததே மறுபடி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், பலரும் "தூக்கிப் போட்டுவிடும்" என்றுதான் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம். இங்கே சொல்லும் விதிகள் ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில், 13-ஆம் பிரிவில் உள்ளவை. ஜான் மாய் எழுதி 1998 ஏப்ரலில் வெளிவந்த ஆவணம் அது.

நகல் எல்எஸ்ஏ ஏன் வருகிறது? நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தமா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஃப்ளடிங் என்றாலே நகல் வரத்தான் செய்யும்.

ஏ, பி, சி என்று மூன்று ரவுட்டர்கள் முக்கோணமாக இணைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏ-யில் ஒரு லிங்க் விழுகிறது. ஏ தன் நிலையைச் சொல்லும் புதிய எல்எஸ்ஏ ஒன்றை எழுதி பி-க்கும் சி-க்கும் அனுப்புகிறது. பி அதை வாங்கி சி-க்கு அனுப்புகிறது. அதே நேரத்தில் சி அதை பி-க்கு அனுப்புகிறது. ஆக, பி-க்கும் சி-க்கும் ஆளுக்கு இரண்டு பிரதிகள். அவற்றில் ஒன்று நகல். மாற்றுப் பாதை உள்ள எந்த நெட்வொர்க்கிலும் இது நடக்கும். ஒரு வழி அறுந்தாலும் இன்னொரு வழியாகச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நாமே கொடுக்கும் விலை இது.

இன்னொரு காரணமும் உண்டு. அனுப்பியவருக்கு ஒப்புகை (கிடைத்தது என்ற பதில்) வரவில்லை என்றால் அவர் மறுபடி அனுப்புவார். இந்த வகை நகலைத்தான் கவனிக்க வேண்டும். பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வந்திருப்பது "அதே" எல்எஸ்ஏ-தான் என்று ரவுட்டர் எப்படி முடிவு செய்கிறது?

இரண்டு படியாக. முதலில், இது எதைப் பற்றிய எல்எஸ்ஏ என்று பார்க்கிறது. வகை, லிங்க் ஸ்டேட் ஐடி (எல்எஸ்ஏ எதை விவரிக்கிறதோ அதன் அடையாள எண்), எழுதிய ரவுட்டரின் ஐடி ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே எல்எஸ்ஏ. ஆனால் அதே பதிப்பா என்பது வேறு கேள்வி. பத்திரிகையின் பெயர் ஒன்றுதான், இதழ் வேறாக இருக்கலாம் அல்லவா, அதைப் போல.

பதிப்பைக் கண்டுபிடிக்க வரிசை எண், செக்சம் (உள்ளடக்கம் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்), வயது (எழுதி எத்தனை விநாடி ஆயிற்று என்பது) ஆகிய மூன்றையும் அந்த வரிசையிலேயே ஒப்பிடுகிறது. வரிசை எண் பெரியதாக இருப்பது புதியது. வரிசை எண் சமம் என்றால், செக்சம் பெரியதாக இருப்பது புதியது. செக்சமும் சமம் என்றால் வயதைப் பார்க்கிறது: ஒன்று மட்டும் அதிகபட்ச வயதான 3600 விநாடியைத் தொட்டிருந்தால் அதுவே புதியதாகக் கருதப்படும், ஏனென்றால் எழுதியவர் அதை வாபஸ் வாங்குகிறார் என்று பொருள். அப்படியும் இல்லை, ஆனால் இரண்டின் வயதும் 15 நிமிடத்துக்கு மேல் வேறுபடுகிறது என்றால், வயது குறைந்தது புதியது. இவை எதிலும் வித்தியாசம் இல்லை என்றால் மட்டுமே அது நகல்.

எல்எஸ்ஏ-வின் உடலைத் திறந்து வரி வரியாக ஒப்பிட வேண்டியதே இல்லை. 20 பைட் தலைப்பு போதும்.

வயது சில விநாடி வேறாக இருந்தாலும் நகல்தானா?

ஆம். ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வயது கொஞ்சம் கூடும், டேட்டாபேஸில் கிடக்கும்போதும் கூடும். இரண்டு பாதைகளில் வந்த பிரதிகளின் வயது அச்சாக ஒன்றாக இருக்கவே முடியாது. அதனால்தான் 15 நிமிடம் என்று இவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறார்கள். செக்சம் கணக்கிலும் வயது சேராது. சேர்ந்தால் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் செக்சத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

சரி, நகல் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை ஒன்றும் செய்வதில்லை. மறுபடி சேமிப்பதில்லை, யாருக்கும் ஃப்ளட் செய்வதில்லை, பாதைக் கணக்கைத் தொடுவதில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்டை எறிவதற்கு முன் ரவுட்டர் ஒரு கேள்வி கேட்கிறது: "இதை எனக்கு அனுப்பிய பக்கத்து ரவுட்டரிடமிருந்து இதே எல்எஸ்ஏ-வுக்கு நான் ஒப்புகை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேனா?"

ஒவ்வொரு பக்கத்து ரவுட்டருக்கும் ஒரு காத்திருப்புப் பட்டியல் உண்டு. நாம் அனுப்பி, இன்னும் ஒப்புகை வராத எல்எஸ்ஏ-க்கள் அதில் இருக்கும். பொதுவாக 5 விநாடிக்கு ஒருமுறை, பட்டியலில் மிச்சம் இருப்பவை மறுபடி அனுப்பப்படும்.

பட்டியலில் இருக்கிறது என்றால், வந்த நகலே ஒப்புகை. பி-யும் சி-யும் ஒரே எல்எஸ்ஏ-வை ஒருவருக்கொருவர் அனுப்பி, அவை வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன அல்லவா? பி அனுப்பிய பிரதி சி-யிடம் வரும்போது சி இப்படி எடுத்துக்கொள்கிறது: "என்னிடம் இருப்பதையே பி அனுப்புகிறது. அப்படியானால் பி-யிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. என் வேலை முடிந்தது." உடனே அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. பி-யும் அதையே செய்கிறது. பி-க்கும் சி-க்கும் இடையே ஒப்புகைப் பாக்கெட் ஒன்றுகூடப் போகவில்லை, ஆனால் இருவருக்கும் தகவல் சேர்ந்தது என்பது இருவருக்கும் தெரியும். இதைத்தான் மறைமுக ஒப்புகை என்கிறோம். ஓஎஸ்பிஎஃப்-இல் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வீண் என்று நாம் நினைக்கும் நகல், ஒரு தனிப் பாக்கெட்டின் வேலையைச் செய்துவிடுகிறது.

பட்டியலில் இல்லை என்றால் கதை வேறு. ஏ அனுப்பியது, பி வாங்கியது, பி ஒப்புகையும் அனுப்பியது. அந்த ஒப்புகை வழியில் தொலைந்துபோனது. 5 விநாடி கழித்து ஏ மறுபடி அனுப்புகிறது. பி-யிடம் எல்எஸ்ஏ இருக்கிறது, ஆனால் பி அதை ஏ-க்கு ஒருபோதும் அனுப்பியதில்லை, ஆகவே ஏ-க்கான பட்டியலில் அது இல்லை. இப்போது பி உடனே, நேராக ஏ-யின் முகவரிக்கே ஒப்புகை அனுப்ப வேண்டும். "எனக்குத் தெரிந்ததுதானே" என்று பி பேசாமல் இருந்துவிட்டால், ஏ ஒவ்வொரு 5 விநாடிக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பதிவுத் தபாலோடு போன ஒப்புகை அட்டை திரும்பி வராவிட்டால் அனுப்பியவர் விடுவாரா?

சாதாரண ஒப்புகைகளை ரவுட்டர் கொஞ்சம் தாமதித்து, பல எல்எஸ்ஏ-க்களின் தலைப்புகளை ஒரே பாக்கெட்டில் கட்டி அனுப்பும். நகலுக்கு மட்டும் ஏன் உடனே? ஏனென்றால் எதிரில் இருப்பவர் ஏற்கெனவே ஒருமுறை காத்திருந்து ஏமாந்துவிட்டார்.

ஈதர்நெட்டில் டிஆர், பிடிஆர் இருக்கும்போதும் இதேதானா?

அடிப்படை அதேதான், ஆனால் பிடிஆருக்கு (டிஆர் விழுந்தால் அதன் இடத்துக்கு வரும் மாற்று ரவுட்டர்) மட்டும் ஒரு தனி விதி இருக்கிறது. இதைப் படிக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள், அதனால் மெதுவாகப் போவோம்.

டிஆரும் இல்லை, பிடிஆரும் இல்லை என்ற சாதாரண ரவுட்டர் ஒன்று தன் எல்எஸ்ஏ-வை 224.0.0.6 முகவரிக்கு அனுப்புகிறது. அதை டிஆரும் பிடிஆரும் மட்டுமே கேட்கும். டிஆர் அதை வாங்கி, 224.0.0.5 வழியாக அந்த ஈதர்நெட்டில் எல்லோருக்கும் திரும்ப ஃப்ளட் செய்கிறது. எழுதியவருக்கே அந்தப் பிரதி திரும்பி வருகிறது. அது நகல், எழுதியவர் டிஆரிடம் ஒப்புகை எதிர்பார்த்திருந்தார், ஆகவே மறைமுக ஒப்புகை. டிஆர் தனியாக ஒப்புகை அனுப்பவே வேண்டாம்.

பிடிஆர் என்ன செய்கிறது? முதல் பிரதி வந்ததும் டேட்டாபேஸில் போட்டுக்கொள்கிறது, காத்திருப்புப் பட்டியல்களிலும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் ஃப்ளட் செய்யாது, ஒப்புகையும் அனுப்பாது. டிஆர் செய்யட்டும் என்று பொறுத்திருக்கிறது. டிஆர் அந்த நேரத்தில் செத்துவிட்டால், பட்டியலில் இருப்பதை மறுபடி அனுப்பும் வழக்கத்தின் மூலம் பிடிஆர் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். டிஆர் உயிரோடு இருந்தால் அதன் ஃப்ளட் பிடிஆருக்கு நகலாக வந்து சேரும். பிடிஆர் அதை டிஆரிடமிருந்து கிடைத்த மறைமுக ஒப்புகையாக எடுத்துக்கொள்கிறது.

வேறு எந்த ரவுட்டராக இருந்தாலும் அத்தோடு நிறுத்திவிடும். பிடிஆர் நிறுத்தக்கூடாது. அது எதையும் ஃப்ளட் செய்யவில்லை. ஆகவே அதனிடம் எல்எஸ்ஏ சேர்ந்ததா என்று டிஆருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. அதனால் பிடிஆர் தாமத ஒப்புகை ஒன்றை 224.0.0.5-க்கு அனுப்புகிறது. மல்ட்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட் பலருக்கும் போவது) என்பதால் அந்த ஒரே பாக்கெட் டிஆரின் பட்டியலையும் எழுதியவரின் பட்டியலையும் சேர்த்துக் காலி செய்கிறது. நகல் டிஆரிடமிருந்து வந்தால் மட்டுமே இந்த விதி. மறைமுக ஒப்புகையாக எடுத்துக்கொண்ட நகல் வேறு யாரிடமிருந்து வந்தாலும் பிடிஆர் பேசாமல் இருந்துவிடும்.

நகல் வந்தால் எஸ்பிஎஃப் (பாதைக் கணக்கு) மறுபடி ஓடுமா?

ஓடாது. 30 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலுக்கும்கூடப் பாதைக் கணக்கு மறுபடி ஓட வேண்டியதில்லை. ஆனால் புதுப்பித்தல் நகல் இல்லை, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் வரிசை எண் ஒன்று கூடியிருக்கும். ஆகவே அது புதிய பதிப்பு: சேமிக்க வேண்டும், ஃப்ளட் செய்ய வேண்டும், ஒப்புகை தர வேண்டும்.

பழைய பதிப்பு வந்தால்?

ஒப்புகை கிடையாது. அதற்குப் பதிலாக நம்மிடம் இருக்கும் புதிய பதிப்பை அனுப்பியவருக்கே நேராகத் திருப்பி அனுப்புகிறோம்: "உங்களிடம் இருப்பது பழையது, இதைப் பாருங்கள்." கடந்த ஒரு விநாடிக்குள் அதை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் மட்டும் அனுப்புவதில்லை.

ரீலோட் ஆகி எழுந்த ரவுட்டருக்கு இது பெரிய உதவி. அது எல்லாவற்றையும் மறந்து, வரிசை எண்ணை ஆரம்ப மதிப்பான −2147483647-இலிருந்து தொடங்குகிறது. நெட்வொர்க்கிலோ அது முன்பு எழுதிய, இன்னும் பெரிய எண் கொண்ட எல்எஸ்ஏ உயிரோடு இருக்கிறது. அது தன் கைக்கே திரும்பி வந்ததும், அந்த எண்ணுக்கு மேல் ஒன்று கூட்டிப் புதிதாக எழுதுகிறது.

புதிய பதிப்பையே ஒப்புகை இல்லாமல் எறிவதும் உண்டாமே?

உண்டு. ஃப்ளடிங் வழியாக ஒரு பதிப்பு வந்து சேர்ந்து ஒரு விநாடிகூட ஆகாத நிலையில் அதைவிடப் புதிய பதிப்பு வந்தால், பெறும் ரவுட்டர் அதைச் சத்தமில்லாமல் எறிந்துவிடும். வெறி பிடித்தாற்போல் எழுதும் ரவுட்டரிடமிருந்து மற்றவர்களைக் காக்கும் வேலி இது. நகலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, புதிய பதிப்புக்கு மட்டுமே.

நடைமுறையில் இது ஒரு பொறி. வேகமாக கன்வர்ஜ் ஆக வேண்டும் (எல்லா ரவுட்டரும் புதிய நிலைக்கு ஒத்துவர வேண்டும்) என்று ஒரு ரவுட்டரில் எல்எஸ்ஏ எழுதும் இடைவெளியைச் சில பத்து மில்லிவிநாடிக்குக் குறைத்துவிட்டு, பக்கத்து ரவுட்டரில் வாங்கும் இடைவெளியை ஒரு விநாடியாகவே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது எல்எஸ்ஏ எறியப்படுகிறது, ஒப்புகை வராது, அடுத்த முயற்சி 5 விநாடி கழித்து. மில்லிவிநாடியில் மிச்சம் பிடிக்கப் போய் விநாடிக் கணக்கில் இழக்கிறோம். வாங்கும் இடைவெளி, எதிரில் இருப்பவர் எழுதும் இடைவெளியைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது.

எது புதியது என்று தப்பாக முடிவு செய்தால் அவ்வளவு ஆபத்தா?

ஒரு நெட்வொர்க்கே படுத்திருக்கிறது. 1980 அக்டோபர் 27 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பல மணி நேரம் பயன்படுத்த முடியாமல் போனது. எரிக் ரோசன் 1981-இல் எழுதிய ஆர்எஃப்சி 789 அதை விவரிக்கிறது.

அப்போது வரிசை எண் 6 பிட் மட்டுமே, 63-க்குப் பிறகு மறுபடி 0. எண்கள் வட்டமாக ஓடுவதால், வட்டத்தில் பாதித் தூரத்துக்குள் முன்னால் இருப்பது புதியது என்று விதி. 50 என்ற எண் கொண்ட நோடு (அன்றைய ரவுட்டர்) எழுதிய செய்தியின் மூன்று பதிப்புகள் ஒரே நேரத்தில் நெட்வொர்க்கில் சுற்றத் தொடங்கின: 8, 40, 44. இவற்றை இரும எண்ணாக எழுதிப் பாருங்கள்: 44 என்பது 101100, 40 என்பது 101000, 8 என்பது 001000. 29-ஆம் நோடில் இருந்த வன்பொருள் கோளாறு பிட்டுகளை உதிர்த்ததில் இப்படி மூன்று பிறந்திருந்தன. வட்ட விதிப்படி 40 என்பது 8-ஐவிடப் புதியது, 44 என்பது 40-ஐவிடப் புதியது, 8 என்பது 44-ஐவிடப் புதியது! ஒவ்வொன்றும் வரும்போது "புதியது" என்று ஏற்கப்பட்டு ஃப்ளட் ஆனது. நகல் என்று எதுவுமே நிராகரிக்கப்படவில்லை. ஃப்ளடிங் முடியவே இல்லை. கடைசியில், 50-ஆம் நோடு பெயரில் வருவதைப் பொருட்படுத்தாதே என்று மற்ற நோடுகளுக்கு மென்பொருள் திருத்தம் போட்டுத்தான் மீட்டார்கள்.

இன்றைய ஓஎஸ்பிஎஃப்-இல் வரிசை எண் 32 பிட், வட்டம் கிடையாது, நேர்கோடு. 5 விநாடிக்கு ஒன்று எழுதினாலும் தீர 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தீர்ந்தாலும், பழையதை நெட்வொர்க் முழுவதிலிருந்தும் அழித்துவிட்டுத்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செக்சமும் எழுதியவர் போட்டபடியே கடைசிவரை கூடவே பயணிக்கிறது. டேட்டாபேஸில் கிடக்கும்போதும் அவ்வப்போது சரிபார்க்கப்படுகிறது.

இரண்டு ரவுட்டர்களுக்கு ஒரே ரவுட்டர் ஐடி கொடுத்துவிட்டால்?

இது நகல் எல்எஸ்ஏ இல்லை, நகல் ஆள். பாதிப்பு பல மடங்கு அதிகம். ஒரே ஏரியாவில் இரண்டு ரவுட்டர்கள் 10.1.1.5 என்ற ஐடியோடு இருந்தால், ஒன்று எழுதிய எல்எஸ்ஏ மற்றொன்றின் கைக்கு வரும். "என் பெயரில் வந்திருக்கிறது, ஆனால் நான் எழுதியது இல்லை" என்று அது வரிசை எண்ணைக் கூட்டி மறுபடி எழுதும். முதல் ரவுட்டரும் அப்படியே. முடிவில்லாத சண்டை.

நான் ஒருமுறை இதில் அரை நாளை விட்டிருக்கிறேன். பழைய ரவுட்டரின் கான்ஃபிகைப் புதியதில் அப்படியே ஒட்டி, இன்டர்ஃபேஸ் முகவரிகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். ரவுட்டர் ஐடி எடுக்கப்படும் லூப்பேக் முகவரியை மாற்றவில்லை. ரூட்டுகள் வந்து வந்து போயின, லிங்க் எல்லாம் நன்றாக இருந்தது. டேட்டாபேஸில் அந்த ஒரு எல்எஸ்ஏ-வின் வயதைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: எப்போது பார்த்தாலும் சில விநாடிகள்தான், வரிசை எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அமைதியான நெட்வொர்க்கில் ஒரு எல்எஸ்ஏ ஒரு நாளில் 48 முறை புதுப்பிக்கப்படும். 5 விநாடிக்கு ஒன்று என்று சண்டை போட்டால் 17,280.

நிறைய லிங்க் இருந்தால் நகல்களே சுமையாகிவிடாதா?

ஆகும். எல்லோரும் எல்லோரோடும் நேரடியாக இணைந்த 10 ரவுட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எழுதும் எல்எஸ்ஏ மற்ற 9 பேருக்குப் போக வேண்டும். முதலில் 9 பிரதிகள். அந்த 9 பேரும் மீதி 8 பேருக்கு அனுப்பினால் இன்னும் 72. மொத்தம் 81, அதில் 72 நகல். சிறிய நெட்வொர்க்கில் இதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். நூற்றுக்கணக்கான லிங்க் உள்ள டேட்டா சென்டரில் இது உண்மையான பிரச்சினை. ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு நெறிமுறையான ஐஎஸ்-ஐஎஸ்-க்கு 2000-இலேயே, லிங்குகளைக் குழுவாக்கி ஃப்ளடிங்கைக் குறைக்கும் மெஷ் குரூப் என்ற ஏற்பாட்டை ஆர்எஃப்சி 2973 எழுதி வைத்தது. 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9667, எல்லா லிங்கிலும் இல்லாமல் தேர்ந்தெடுத்த சில லிங்குகளில் மட்டும் ஃப்ளட் செய்யும் முறையைச் சொல்கிறது.

ஆனாலும் நகலைக் குறைக்கிறேன் என்று ஃப்ளடிங்கை அவசரமாக வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு நகலும் ஒரு மாற்று வழி. எதை வெட்டினாலும், மிச்சம் உள்ளவற்றில் ஒன்று விழுந்தால் செய்தி எப்படிப் போகும் என்று முதலில் வரைந்து பாருங்கள்.

ஐஎஸ்-ஐஎஸ் இதை எப்படிக் கையாள்கிறது?

நோக்கம் ஒன்று, கருவி வேறு. ஒவ்வொரு எல்எஸ்பி-க்கும் (அங்கே எல்எஸ்ஏ-வின் இடத்தில் இருப்பது) ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் இரண்டு கொடிகள்: "அனுப்ப வேண்டும்" என்று ஒன்று, "ஒப்புகை தர வேண்டும்" என்று ஒன்று. பாயின்ட் டு பாயின்ட் லிங்கில் நகல் வந்தால் முதல் கொடி இறங்கும், இரண்டாவது ஏறும். அதாவது, மறைமுக ஒப்புகையாக எடுத்துக்கொண்டாலும் தன் ஒப்புகையையும் தவறாமல் அனுப்பும். ஈதர்நெட்டில் தனித்தனி ஒப்புகையே கிடையாது. டிஐஎஸ் (அங்கே டிஆர் போன்றது) 10 விநாடிக்கு ஒருமுறை தன் முழுப் பட்டியலையும் அறிவிக்கும், யாருக்கு எது இல்லையோ அவர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

என் ரவுட்டரில் ஒரே எல்எஸ்ஏ 5 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் யாரோ எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்: ஆடும் (விழுந்து விழுந்து எழும்) லிங்க், அல்லது மேலே சொன்ன ஐடி சண்டை.

எண் மாறாமல் அதே பதிப்பு வருகிறது என்றால், அனுப்புபவருக்கு உங்கள் ஒப்புகை போய்ச் சேரவில்லை. எல்எஸ்ஏ உங்களிடம் வருகிறது என்பதால் வரும் திசை நன்றாக இருக்கிறது. போகும் திசையைத் தோண்டுங்கள். எதிர் ரவுட்டரில் காத்திருப்புப் பட்டியலைக் காட்டும் கட்டளையைப் போட்டு, உங்கள் பெயருக்கு நேராக அது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அங்கே ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டை வெட்டும் ஆக்சஸ் லிஸ்ட் இருக்கிறதா, சிபியு-வைக் காக்கும் போலீசிங் (வரும் பாக்கெட்டுகளுக்கு வைக்கும் வரம்பு) அளவு மிகக் குறைவாக இருக்கிறதா, இடையில் உள்ள சுவிட்ச் பாக்கெட்டை விழுங்குகிறதா என்று வரிசையாகச் சோதியுங்கள். ஹலோ போய்வருகிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஹலோவும் ஈதர்நெட்டில் தாமத ஒப்புகையும் மல்ட்டிகாஸ்டில் போகின்றன, நகலுக்கான நேரடி ஒப்புகையோ யூனிகாஸ்டில் (ஒருவருக்கு மட்டும்) போகிறது. ஏற்கெனவே ஃபுல் நிலைக்கு (டேட்டாபேஸ் ஒத்துப்போன நிலை) வந்த நெய்பரிடம், பிறகு யூனிகாஸ்ட் மட்டும் வெட்டுப்பட்டால், நெய்பர் அந்த நிலையிலேயே இருக்கும், பட்டியல் மட்டும் காலியாகாது.